கணக்கப்பிள்ளையின் சைக்கிள் பாதை

கரடிப்பாறைத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் கணக்கப்பிள்ளையாக இருந்த சோலைமலையிடம் ஒரு சைக்கிள் இருந்தது. ஓட்டத்தான் தெரியாது. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. அவர் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தால் கதை நகராது.

அது மாமனார் கொடுத்த சீதனம். மாமனாருக்கு அட்டன் கடைவீதியில் பலசரக்குக் கடை. பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளைக்குச் சைக்கிளு ஓட்ட வருமில்ல?" என்று அவர் சும்மா கேட்டுவைத்தார். கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்த சோலைமலைக்கு, வராது என்றால் பெண்ணே கிடைக்காதோ என்று பயம் வந்துவிட்டது. "அதெல்லாம் நல்லா வருமுங்க" என்றார். கல்யாணத்தன்று மாலையும் குங்குமமுமாகப் பச்சை நிறச் சைக்கிள் ஒன்று வாசலில் வந்து நின்றது. புதுப்பெண் நாகலெட்சுமியோடு அதையும் கூட்டிக்கொண்டு லிந்துலைப் பக்கம் திரும்பவேண்டியதாயிற்று.

மலைநாட்டில் இதை மறைப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஏற்றத்தில் எப்பேர்ப்பட்ட சூரனும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். இறக்கத்தில் பிரேக்கை நம்பமாட்டேன் என்றால் அது புத்திசாலித்தனம். சமதரை என்று பார்த்தால், ஆட்கள் குடியிருக்கும் லயங்களிலிருந்து, ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகும் கார்ட் ரோட்டில் ஒரு துண்டுதான் உண்டு. அங்கே விடிந்தால் அடைந்தால் ஆள் நடமாட்டம். தோட்டத்து வழக்கப்படி துரையையோ, டாக்டர் ஐயாவையோ, பெரிய கிளாக்கரையோ எதிரே கண்டால் சைக்கிளில் இருப்பவன் இறங்கி நிற்கவேண்டும். சோலைமலை அந்த மரியாதையைக் கொழுந்தெடுக்கும் பெண்களுக்கும், கான் என்கிற வாய்க்கால் வெட்டும் ஆட்களுக்கும், வேலைநேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்குக் குழந்தை தூக்கிப்போகும் தாய்மாருக்கும் சேர்த்தே வழங்கிவிட்டார்.

"சனம் நடக்குற ரோட்டுல நான் மட்டும் மேல ஒக்காந்துக்கிட்டுப் போறதா? நல்லாவா இருக்கும்?" என்பார்.

வளைவுக்கு அந்தப் பக்கம் பேச்சுக்குரல் கேட்டால் போதும். இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலை அப்போதுதான் சீட்டைத் தாண்டி இறக்கியதுபோல ஓர் ஆட்டு ஆட்டி, லேசாக மூச்சு வாங்குவார். மணியையும் ஒரு தடவை அடித்துவைப்பார். களிசான் நுனியில் கிளிப் வேறு. பார்க்கிறவர்களுக்கு மனிதர் இப்போதுதான் தங்களுக்காக இறங்கியிருக்கிறார் என்று தோன்றும். எந்தக் கணக்கப்பிள்ளை கூலிச் சனத்துக்காகச் சைக்கிளை விட்டு இறங்குகிறான்? அந்த நல்ல பேர் கீழ்க்கணக்கைத் தாண்டி மேல்கணக்கு வரைக்கும் பரவியிருந்தது.

நாகலெட்சுமி ஒருநாள் ஆசையாக, கேரியரில் வைத்துக் கோயில்வரை கூட்டிப்போகச் சொன்னாள். "புருசனும் பொண்டாட்டியும் டபுள்ஸ் போனா லயத்துச் சனம் என்னா பேசும்?" என்றார் சோலைமலை. அதோடு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். ஆனாலும் வாரத்துக்கு ஒருமுறை தேங்காயெண்ணெய்த் துணியால் அந்தச் சைக்கிளைத் துடைத்துத் துடைத்து வைப்பாள்.

உண்மை தெரிந்தது ஒரே ஓர் ஆளுக்குத்தான் என்று சோலைமலை நம்பியிருந்தார். கல்யாணமான புதிதில், சனமெல்லாம் லிந்துலைக் கடைக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கை பார்த்துவிடலாம் என்று சைக்கிளில் ஏறினார். ஏறியது தெரியும். அடுத்து, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் தலைகீழாகக் கிடந்தது தெரியும். ரோட்டுக்குக் கீழே தன் மரக்கறித் தோட்டத்தில் களை பறித்துக்கொண்டிருந்த பேச்சியம்மா ஓடிவந்தாள். சைக்கிளை அவர்மேலிருந்து தூக்கினாள். முன்சக்கரத்தை முழங்கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, கோணிப்போன ஹேண்டிலை நிமிர்த்தினாள். அவர் கோட்டிலிருந்த சருகைத் தட்டிவிடலாமா கூடாதா என்று தயங்கி, தட்டாமலே விட்டுவிட்டாள்.

"யாரும் பாக்கலைங்கய்யா" என்று சொல்லிவிட்டுக் களை பறிக்கப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடங்கள் அவள் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. புருஷனைப் பறிகொடுத்து, இரண்டு பிள்ளைகளோடு ஒற்றைக் காம்பராவில் கிடந்தவள். கொழுந்து நிறுக்கும்போது கூடையை வைப்பாள், எடுப்பாள், போவாள். கண்ணில் ஒரு சிரிப்புக்கூட இருக்காது. உதவி செய்தவர்களைக் கண்டால் சில பேருக்கு நன்றி வரும். சோலைமலைக்கு எரிச்சல்தான் வந்தது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் கொழுந்தெடுக்கும் அம்மாக்கண்ணுவின் கால் போயிற்று. மாட்டுவண்டிக்காகப் போட்ட ரோட்டில் தோட்டம் கொழுந்து லொறியை விட்டிருந்தது. ஒரு பக்கம் மண்சுவரும் அதன் அடியில் கானும், மறு பக்கம் சரிவு. லொறி வந்தால் பெண்கள் கூடையோடு கானுக்குள் இறங்கி நிற்பார்கள். ஒரு மழைநாளில் அம்மாக்கண்ணு இறங்கும்போது வழுக்கி ரோட்டுப் பக்கமே விழுந்துவிட்டாள். பின்சக்கரம் பாதத்தில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து ஊன்றுகோலோடு வந்தாள்.

துரை அப்போதுதான் புதிதாக வந்திருந்த வெள்ளைக்காரப் பையன். சீமையில் சைக்கிள் பந்தயம் ஓடினவராம். லீவு நாளில் அரைக்களிசானோடு நுவரெலியா வரைக்கும் சைக்கிளிலேயே ஏறிப் போய்வருவார். அம்மாக்கண்ணுவை லயத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், இந்த ரோட்டையே மாற்றிக் கட்டவேண்டும் என்று நின்றார். மண்சுவரை வெட்டி, கானை உள்ளே தள்ளி, கானுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஆள் நடக்கத் தனியாக ஒரு மேடான பாதை. லொறி ஏறாதபடி ஓரத்தில் கல்வரிசை. இப்படியொரு காரியத்தை எந்தத் துரையும் செய்து தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. லயத்தில் அவருக்காகச் சூடம் கொளுத்தினவர்கள்கூட உண்டு. அதோடு விஷயம் நின்றிருக்கலாம்.

அளவெடுக்க வந்த நாளில் துரை, பெரிய கிளாக்கர் வியாகுலம், கல்லுக்கட்டு வேலை செய்யும் மாயாண்டி, இன்னும் நாலைந்து ஆட்கள் ரோட்டில் நின்றார்கள். வளைவில் சைக்கிளோடு வந்த சோலைமலை வழக்கம்போல் காலை ஆட்டி இறங்கி நின்று சலாம் வைத்தார்.

துரைக்குத் தெரிந்த தமிழ் தோட்டத் தமிழ்தான். "சோலைமலை, நான் வந்த நாள்லேருந்து பாக்குறது. நீ சைக்கிள்ல எறங்கி எறங்கிப் போறது. என்னாத்துக்கு?"

"ரோட்டுல எடம் இல்லைங்க தொரைங்களே. ஆளு நடக்குது, லொறி வருது. மேல ஏறுனா எறங்க வேண்டியிருக்குது."

"எடம் இருந்தா ஓட்டுறதா?"

எத்தனை சுலபமான இடம்! நடக்கிற பாதையே போதும் தொரைங்களே என்று பணிவாகச் சொல்லியிருந்தால், ஆளின் தன்னடக்கத்துக்கு இன்னொரு பாராட்டுக் கிடைத்திருக்கும். ஆனால் பெரிய கிளாக்கர் பார்த்துக்கொண்டிருந்தார். மாயாண்டி பார்த்துக்கொண்டிருந்தான்.

"பறந்துருவேனுங்க தொரைங்களே" என்றார் சோலைமலை.

துரைக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. தன் ஊரில் சைக்கிளுக்குத் தனிப்பாதை உண்டு என்றும், இன்றைக்குக் கணக்கப்பிள்ளை ஓட்டினால் நாளைக்குக் கங்காணி ஓட்டுவான், அப்புறம் எல்லா ஆளும் ஓட்டுவான் என்றும் ஆங்கிலத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு சரிவுப் பக்கம் ஓடினார். கீழேயிருந்து கல்லுக்கட்டு எழுப்பி மண் நிரப்பினால் அந்தப் பக்கம் ஒரு சைக்கிள் பாதை வந்துவிடும்.

மாயாண்டி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். "தொரைங்களே, அது பேச்சியம்மாவோட மரக்கறித் தோட்டமுங்க. பாவம், புருசன் இல்லாதவ."

துரை குனிந்து பார்த்தார். லீக்ஸ் பாத்தியும், போஞ்சிக் கொடியும், உருளைக்கிழங்குச் செடியுமாக ஒரு நீளத் துண்டு. அவர் நல்ல மனிதர்தான். திரும்பி, "சோலைமலை, நீ சொல்லு. சைக்கிள் பாதை கட்டாயம் வேணுமா?" என்று கேட்டார்.

இரண்டாம் தடவையும் கதவு திறந்தது. ஒருவருக்கு ஒரு பொய்யிலிருந்து வெளியே வர இத்தனை வழி விடுவது அபூர்வம். சோலைமலை மாயாண்டியின் பக்கம் பார்க்காமல், "வேணுமுங்க" என்றார்.

அன்று சாயங்காலமே பேச்சியம்மா கணக்கப்பிள்ளை வீட்டு வாசலுக்கு வந்தாள். மண்தரை முடிகிற இடத்தில் நின்றுகொண்டாள்.

"என்னா பேச்சியம்மா?"

"அந்தத் தோட்டத் துண்டுங்கய்யா. எம் புருசன் சாகுறதுக்கு முந்துன வருசம் கல்லு பொறுக்கிப் பொறுக்கி ஒண்டியா வெட்டுன எடம். நடக்குற பாதைக்குன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். அம்மாக்கண்ணு காலு மாதிரித்தான் எல்லார் காலும். சைக்கிளுக்குன்னு சொல்றாங்க."

"தொரை உத்தரவு. நான் என்னா செய்ய?"

"ஐயா ஒரு வார்த்த சொன்னாத் தொரை கேப்பாருங்க. ரெண்டு புள்ளைங்க வவுறும் அந்தத் துண்டுலதாங்க பாதி நெறையுது." அவள் உள்ளே நாகலெட்சுமி இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஐயாவுக்கு அந்தப் பாதை வேணாந்தானுங்களே."

வீட்டுக்காரிக்குக் கேட்டுவிடக்கூடாதே என்றுதான் அவள் குரலைத் தாழ்த்தினாள். அது சோலைமலைக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. அந்த நேரத்தில் அவருக்குக் காது அடைத்துப் போயிற்று. இத்தனை வருடமாகக் காத்திருந்து இப்போது கழுத்தில் கத்தி வைக்கிறாள் என்று நினைத்தார்.

"மெரட்டுறியா? யாருக்கிட்ட வந்து மெரட்டுற? போ வெளிய!"

பேச்சியம்மா திகைத்துப்போய் நின்றாள். "ஐயையோ, நான் அப்புடிச் சொல்லலைங்க சாமி" என்றாள். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை பெரட்டில் ஆட்களைக் கூட்டி அன்றைய வேலைக்கு மலை பிரித்துக் கொடுக்கும்போது சோலைமலை தலையை நிமிர்த்தாமல், "பேச்சியம்மா, அட்டைக்காடு" என்றார். தோட்டத்தின் கடைசி மூலை அது. அட்டைக் கடிக்கும் சறுக்கலுக்கும் பயந்து யாரும் போகமாட்டார்கள்; ஏதாவது வம்பு பண்ணினவர்களைத்தான் அங்கே அனுப்புவது வழக்கம். பக்கத்திலிருந்த பெண்கள் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். பேச்சியம்மா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நடந்தாள். கல்லுக்கட்டு எழும்பிய காலம் முழுவதும் அவளுக்கு அட்டைக்காடுதான். இது சின்னப்புத்தி என்று சோலைமலைக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே தினமும் காலையில் அந்தப் பேரைச் சொன்னார்.

மண் நிரப்புவதற்கு முந்தின நாள் அவள் விரல் பருமன்கூட ஆகாத லீக்ஸையெல்லாம் பிடுங்கி லயத்தில் வீடு வீடாகக் கொடுத்தாள். ஒரு கட்டைக் கணக்கப்பிள்ளை வீட்டுக்கும் கொண்டுவந்து, "வீணாப் போவுதுங்கம்மா" என்று நாகலெட்சுமியிடம் நீட்டிவிட்டுப் போனாள். அன்று குழம்பில் லீக்ஸ் மிதந்தது. சோலைமலை சோற்றைப் பிசைந்தார், பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார். கடைசியில் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார்.

தைப்பொங்கல் கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை பாதை திறந்தார்கள். வாழைமரம், தோரணம், தப்பு மேளம், சூடம் எல்லாம் இருந்தது. துரையின் மனைவி துரைசாணி நடைபாதையில் கட்டியிருந்த ரிப்பனை வெட்டினார். முதலில் அம்மாக்கண்ணுவைத்தான் நடக்கச் சொன்னார்கள். அவள் ஊன்றுகோலோடு ஏறி நாலடி நடந்ததும் பெண்கள் குலவை போட்டார்கள். துரைசாணிக்கே கண் கலங்கிவிட்டது.

சோலைமலை வெள்ளிக்கிழமையிலிருந்தே நொண்டிக்கொண்டிருந்தார். அது அவர் ஏற்பாடு. ஆனால் சைக்கிளுக்கு நாகலெட்சுமி எண்ணெய் போட்டிருந்தாள், துரையே ஒரு மாலையையும் போட்டு வைத்திருந்தார்.

"கால் வலியுங்க தொரைங்களே. இன்னொரு நாளைக்கு..."

"சைக்கிள் ஓட்டினா கால் நல்லா வந்துரும்!" என்று துரை சந்தோஷமாகக் கத்தினார். சீட்டைப் பிடித்துக்கொண்டார். "ஏறு!"

ஏறாமல் என்ன செய்வது? மேல்கணக்கு, கீழ்க்கணக்கு இரண்டும் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. ஏறினார். துரை தன் பந்தயக் கையால் ஒரு தள்ளுத் தள்ளினார். அப்போது ஓர் அதிசயம் நடந்தது. சைக்கிள் ஓடிற்று. காற்று முகத்தில் அடித்தது, மாலை படபடத்தது, கால்கள் தாமாகச் சுற்றின. அட, வருகிறதே! இத்தனை காலமும் வந்துதான் இருந்திருக்கிறது போலிருக்கிறதே என்று சோலைமலைக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த நொடி முன்சக்கரம் தன்பாட்டில் சரிவுப் பக்கம் திரும்பிற்று. அவரும் மாலையும் சைக்கிளுமாகக் கல்லுக்கட்டைத் தாண்டிக் கீழே போனார்கள்.

மண் போட்டு மூடாமல் மிஞ்சியிருந்த பேச்சியம்மாவின் போஞ்சிப் பாத்தி ஓர் ஓரமாகக் கிடந்தது. அதன் குச்சிகளை முறித்துக்கொண்டு அங்கே விழுந்தார்.

தப்புச் சத்தம் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். கணக்கப்பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற வழக்கம் தோட்டத்தில் இல்லை. ஒரே ஒருவர் சிரித்திருந்தால்கூட அவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டு எழுந்திருப்பார்.

பேச்சியம்மாதான் இறங்கி வந்தாள். சைக்கிளைத் தூக்கினாள். முன்சக்கரத்தை முழங்கால்களுக்கிடையில் இடுக்கி ஹேண்டிலை நிமிர்த்தினாள். பிறகு மேலே பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கல்லு ஆடிருச்சுங்க தொரைங்களே. புதுக்கட்டு" என்றாள்.

அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். அது இன்னொருவன் தலையில் விழும் என்று அவள் நினைக்கவில்லை.

துரை சிவந்துபோய்த் திரும்பினார். "மாயாண்டி! என்னா வேலை இது? ஆள் செத்துப்போனா?"

மாயாண்டி தலைப்பாகையை அவிழ்த்தான். அவன் கட்டின கல்லுக்கட்டில் ஒரு கல்கூட அசையவில்லை என்பது அவனுக்குத் தெரியும். கீழே கிடந்த சோலைமலையை ஒரு தடவை பார்த்தான். "தப்புத்தானுங்க தொரைங்களே. அவுத்துட்டு மறுபடி கட்டிர்றேன்" என்றான்.

சோலைமலையின் வாயில் மண் இருந்தது. துப்பிவிட்டுப் பேசியிருக்கலாம். துப்பினார். பேசவில்லை.

வீட்டில் நாகலெட்சுமி சுடுதண்ணீர் வைத்து ஒத்தடம் கொடுத்தாள். துணியைப் பிழிந்துகொண்டே, "மாயாண்டி அண்ணனுக்கு எதுக்குங்க தண்டனை?" என்றாள்.

"கல்லு ஆடிருச்சு. நான் என்னா செய்ய?"

"நான் வாராவாரம் சைக்கிளு தொடைக்கிறேன்" என்றாள் நாகலெட்சுமி. "டயரு ரெண்டு தடவ தேஞ்சி மாத்தியாச்சு. சீட்டு மட்டும் எங்கப்பா வாங்கிக் குடுத்தப்ப இருந்த மாதிரியே இருக்குது."

சோலைமலை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒனக்குத் தெரியுமா?"

"எனக்கு மட்டுமா? லயத்துக்கே தெரியும். புள்ளைங்க ஒரு வெளையாட்டு வெளையாடுதுங்க, பாத்ததில்லையா? ஒருத்தன் வளையத்தத் தள்ளிக்கிட்டு வருவான். மத்ததுங்க வளைவுல நின்னு பேசும். ஒடனே அவன் ஒரு காலத் தூக்கி எறக்கணும். கணக்கப்பிள்ளை வெளையாட்டுன்னு அதுக்குப் பேரு."

"யாரு சொல்லிக் குடுத்தது? பேச்சியம்மாதானே?"

"அவளா?" நாகலெட்சுமிக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. "அவ மவன் அத வெளையாடுனதுக்கு அவ அடிச்ச அடிய நான் கண்ணால பாத்தேன். ஐயாவக் கேலி பண்றியான்னு கேட்டுக் கேட்டு அடிச்சா."

அந்த இரவைச் சோலைமலை எப்படிக் கழித்தார் என்று யாருக்கும் தெரியாது. மானம் போய்விட்டதே என்று கவலைப்பட அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. அது எப்போதோ போயிருந்தது; சனம் அதைக் கீழே விழாமல் பிடித்துவைத்திருந்தது. வளைவில் தன்னைக் கண்டதும் அந்தப் பெண்கள் முகத்தில் வந்த பணிவையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். உடம்பு கூசிற்று.

காலையில் ஆபீசுக்குப் போய்த் துரையின் மேசைமுன் நின்று சொன்னார். "எனக்குச் சைக்கிளு ஓட்டத் தெரியாதுங்க தொரைங்களே. எப்பவுமே தெரியாது. மாயாண்டி மேல குத்தமில்ல. பேச்சியம்மா எடத்த நாந்தான் போக்கடிச்சேன்."

துரை அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். பெரிய கிளாக்கரைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் சொல்லி மறுபடியும் சிரித்தார். சனிக்கிழமை துரைமார் கிளப்பில் இதைச் சொல்லப்போகிறார் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. மாயாண்டி கல்லை அவிழ்க்கவேண்டாம் என்று உடனே உத்தரவு கொடுத்தார். அந்த ஒன்றாவது நடந்தது.

"பேச்சியம்மாவுக்கு அந்த எடத்தத் திருப்பிக் குடுத்தா..."

"கட்டினது கட்டினதுதான், சோலைமலை. அவளுக்கு வேற எடம் பாக்குறது." துரை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ சைக்கிள் பழகு. ஆனா ஒண்ணு. இனி சைக்கிள் எல்லாம் சைக்கிள் பாதைலதான் போறது. நடக்குற பாதை ஆளுக்கு."

தோட்டத்தில் சைக்கிள் எல்லாம் என்றால் அந்த ஒரு சைக்கிள்தான். வேற இடம் பார்க்கிறது என்றால் என்னவென்றும் எல்லோருக்கும் தெரியும். கடைசிவரை அது பார்க்கப்படவேயில்லை.

அடுத்த நாள் பெரட்டில் சோலைமலை, "பேச்சியம்மா, ஸ்டோரு மலை" என்றார். பக்கத்து மலை, சறுக்கல் இல்லாத இடம்.

"அட்டைக்காடே பழகிருச்சுங்கய்யா" என்றாள் அவள். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே பழகிவிட்டது. ஆனாலும் சொன்ன இடத்துக்குப் போனாள்.

சைக்கிளை இனித் தொடுவதில்லை என்று அவர் முடிவு செய்தார். ஒரு காலையில் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, கையில் குடையோடு நடைபாதையில் ஏறினார். சனம் நடக்கிற பாதையில் சனத்தோடு நடப்பது என்று நினைத்துக்கொண்டபோது நெஞ்சுக்குக் கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது. முந்தின நாள் மழையில் கான் நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாதை மட்டும் மேடாக, காய்ந்து, சுத்தமாக இருந்தது. துரை நல்ல வேலைதான் செய்திருந்தார்.

எதிரே கூடைகளோடு பெண்கள் வரிசையாக வந்தார்கள்.

"கணக்கப்பிள்ளை ஐயா வாராங்க. வழி விடுங்கடி" என்றது ஒரு குரல்.

ஒவ்வொருத்தியாகப் பாதையை விட்டுக் கானுக்குள் இறங்கினார்கள். கெண்டைக்கால் வரைக்கும் தண்ணீர். கடைசியில் அம்மாக்கண்ணு வந்தாள். கொழுந்தெடுக்க முடியாமல் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தவள். அவளும் ஊன்றுகோலைக் கானுக்குள் விட்டு ஆழம் பார்த்தாள். பேச்சியம்மா தண்ணீருக்குள் நின்றபடியே கையை நீட்டினாள். அதைப் பிடித்துக்கொண்டு அம்மாக்கண்ணு அந்தக் கெட்ட காலை மெல்ல இறக்கினாள்.

"ஏறுங்க!" என்று சோலைமலை கத்திவிட்டார். "எனக்காக எறங்காதீங்க. ஏறுங்க மேல! நான் ஒதுங்கிக்கிறேன்."

ஒருத்தியும் அசையவில்லை. என்ன குற்றம் செய்தோம் என்று விளங்காமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஐயா போங்க" என்றாள் பேச்சியம்மா. "நீங்க போனாத்தான் நாங்க ஏறலாம்."

காலியாகக் கிடந்த அந்தப் பாதையில், தண்ணீரில் நின்ற பெண்களைக் கடந்து, அவர் நடந்து போனார். வேறு வழியிருக்கவில்லை. எத்தனை சீக்கிரம் நடந்தாலும் அது முடிகிற மாதிரித் தெரியவில்லை.

மறுநாள் சைக்கிளை எடுத்தார். சரிவுப் பக்கத்துப் பாதையில், பேச்சியம்மாவின் பாத்திகளுக்குமேல், தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். ரோட்டுக்கு மறுபுறம் பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டு கால் நனையாமல் நடந்தார்கள். வளைவு வந்தது. பேச்சுக்குரல் நெருங்கியது. வேண்டாம் என்று அவர் நினைப்பதற்குள் பழகிப்போன இடது கால் பெடலில் ஏறிவிட்டது, வலது காலும் மேலே எழும்பிவிட்டது. எதிரே முதலில் வந்தவள் பேச்சியம்மா. அவர் அந்தக் காலை இறக்கி முடிக்கும்வரை அவள் முகத்தை மண்சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். அப்புறம் திரும்பி, "கும்பிடுறேனுங்கய்யா" என்றாள்.